வெள்ளத்தில் அழியாத நோய்க் குறிப்பு

2005-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. அமெரிக்காவின் தென்பகுதியைக் "கத்ரீனா" என்ற பயங்கரப் புயல் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தன. நகரத்தில் 100-க்கு 80 பங்கு தண்ணீரில் மூழ்கியது.

ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை. கட்டுக் கட்டாக வைத்திருந்த நோயாளிகளின் குறிப்புகள் ஊறி நாசமாயின. உயிர் பிழைத்து வெளியூர் போனவர்களுக்குப் புதிய கவலை பிறந்தது. சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்சுலின் எவ்வளவு? யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? புதிய டாக்டருக்கு யார் சொல்வது?

கை கொடுத்த கம்ப்யூட்டர்

முன்னாள் ராணுவத்தினருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அவர்களுக்காக அரசாங்கம் நடத்திய ஆஸ்பத்திரியும் வெள்ளத்தால் மூடப்பட்டது. ஆனால், நோய்க் குறிப்புகள் எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றின் நகல் அடங்கிய நாடாக்கள் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன.

சில நாட்களில் எல்லாம் சரியாயிற்று. வேறு ஊரில் உள்ள முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிக்கு நோயாளி போனால் போதும். அவர் சாப்பிடும் மருந்து, ரத்தப் பரிசோதனை, பழைய வியாதி அனைத்தும் டாக்டரின் கண் முன் வந்தன. சிகிச்சை தொடர்ந்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. குறிப்பு கம்ப்யூட்டரில் இருந்தால் மட்டும் போதாது. அதன் நகல் வெள்ளம் எட்டாத இடத்திலும் இருக்க வேண்டும்.

நமக்கும் இது பொருந்தும். தினமும் சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வேளையில் அந்தச் சீட்டு உயிர் காக்கும்!