பொட்டல் காட்டுக்கு வந்த ஆய்வகம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. துறைமுகம் கிடையாது. மழைநீரை ஊரணியில் தேக்கி வைத்துப் பிழைத்த செம்மண் பூமி அது. நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குள், 1948 ஜூலை 25 அன்று, பிரதமர் நேரு இந்த ஊருக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். பம்பாயும் கல்கத்தாவும் இருக்க, இது எப்படி இங்கே வந்தது? பதில் புவியியலில் இல்லை, ஒரு மனிதரிடம் இருக்கிறது.

காரைக்குடி வட்டாரமான செட்டிநாட்டில் பெயர் பெற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். கவிஞர் கண்ணதாசன் பிறந்தது சிறுகூடல்பட்டியில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஊர் கானாடுகாத்தான். 1939-ல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் காரைக்குடியிலேயே இருந்து அதை வளர்த்தார். இவ்வளவு சிறிய வட்டாரத்தில் இத்தனை பேர் என்பது தற்செயல் இல்லை. இந்த வட்டார வணிகச் சமூகமான நகரத்தார்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து லேவாதேவி செய்தார்கள். அவர்கள் கணக்கில் ‘மகமை’ என்று ஒரு பங்கு தருமத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தப் பணம் கோயில் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் வேத பாடசாலைக்கும் போனது. 1930-களின் பொருளாதார மந்தமும் 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த உலகத்தை உலுக்கின. அக்கரையில் போட்ட முதல் முடங்கிப்போக, எஞ்சிய பணமும் ஆள்பலமும் இக்கரையில் புது வழி தேடின. மில், வங்கி, சினிமா, கல்லூரி எல்லாம் அந்தத் தேடலில் வேகம் பிடித்தவைதான்.

அந்தத் தேடலில் எனக்கு மிகவும் வியப்பளிப்பவர் கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6 அன்று பிறந்த அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். லண்டனில் சட்டம் படித்தார், வங்கிப் பயிற்சி பெற்றார், விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி நூற்பாலை நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். கிண்டியில் 1944-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று மேடையில் கேட்டார். அங்கேயே ஒப்புக்கொண்டார் அழகப்பர். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி தொடங்கியது.

அதே சமயத்தில் வேதியியலாளர் சாந்தி சுவரூப் பட்நாகர் நாடெங்கும் தேசிய ஆய்வகங்களை எழுப்பத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மின்வேதியியலைத் தம் ஊருக்குக் கேட்டு வாங்கினார். அன்றைய 15 லட்சத்தின் கனத்தை இன்றைய ரூபாயில் எடை போட முடியாது. கோயில் கோபுரத்துக்குக் கொடுத்துப் பழகிய கை, கண்ணுக்குத் தெரியாத எலெக்ட்ரானுக்காக நீண்டது. செட்டிநாட்டு மாளிகைகள் அத்தனையையும் விட அதைத்தான் நான் பெரிய அதிசயமாகக் கருதுகிறேன். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஊர்க்காரர்களுக்கு அது ‘செக்ரி’.

சரி, மின்வேதியியல் என்ன செய்கிறது? வேதிவினை நடக்கும்போது எலெக்ட்ரான்கள் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகின்றன. அந்தத் தாவலை இரண்டு இடங்களாகப் பிரித்து, நடுவில் ஓர் உலோகப் பாதை போட்டால் மின்சாரம் ஓடுகிறது. பேட்டரி அப்படித்தான் வேலை செய்கிறது. வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால், தானாக நடக்காத வினையும் நடக்கும். உப்புநீரிலிருந்து காஸ்டிக் சோடா, தாதுவிலிருந்து அலுமினியம், பித்தளைக் குழாய்மேல் நிக்கல் பூச்சு எல்லாம் அந்த வழியில் வருபவை.

துருவும் இதே கதைதான். இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படிந்தால் போதும். ஓரிடத்தில் இரும்பு அணு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் இரும்புக்குள்ளேயே ஓடி வேறோர் இடத்தில் ஆக்சிஜனையும் நீரையும் சந்திக்கின்றன. யாரும் பொருத்தாத ஒரு பேட்டரி, ஒவ்வொரு கம்பியிலும் கிராதியிலும் தானே பற்றிக்கொண்டு இரும்பைத் தின்கிறது. நீரில் உப்பு கலந்தால் மின்னோட்டம் இன்னும் எளிது. இரும்பின் மேல் இயல்பாக உருவாகும் பாதுகாப்புப் படலத்தையும் உப்பிலுள்ள குளோரைடு துளைத்துவிடும்.

இதைப் படிக்க ராமநாதபுரம் கடற்கரையைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடைக்காது. செக்ரியின் அரிமான (உலோக அரிப்பு) ஆய்வு நிலையம் அந்தக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரில் இருக்கிறது. விதவிதமான உலோகத் துண்டுகளையும் பூச்சுகளையும் கடற்காற்றில் நிறுத்தி வைத்து, ஆண்டுக்கு எவ்வளவு அரிக்கிறது என்று அங்கே அளக்கிறார்கள். அருகிலேயே 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், இரு பக்கமும் உப்புக்காற்று அறைய நூறாண்டுக்கு மேல் நின்றது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் இதே ஆபத்துதான். சிமென்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கிறது. குளோரைடு உள்ளே போய்விட்டால் அந்தக் காவல் உடைகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது. கடலோர வீடுகளில் கூரை பெயர்ந்து கம்பி தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்பிக்கு என்ன பூச்சு கொடுத்தால் இதைத் தள்ளிப்போடலாம் என்பதும் செக்ரி நெடுங்காலமாக உழைத்த வேலை.

காரைக்குடிப் பொட்டலுக்கு வந்து சேர்ந்த மனிதர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த கே.எஸ்.ஜி. தாஸ், காரைக்குடிக்கு வரும் முன்பே எச்.பி. அகர்வாலுடன் சேர்ந்து ஒரு நுட்பமான விளைவைக் கண்டிருந்தார். மின்முனையில் மாறுதிசை மின்சாரம் கொடுத்தால், முன்னும் பின்னும் சமமாகத்தானே அசைய வேண்டும்? அப்படி நடப்பதில்லை. வினை ஒரு திசையில் சற்று எளிதாகவும் மறுதிசையில் சற்றுத் தயங்கியும் நடப்பதால், சராசரியில் ஒரு சின்ன நேர்திசை மின்னழுத்தம் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தை அளந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோகும் வினையின் வேகத்தையும் கணக்கிடலாம். எஸ்.கே. ரங்கராஜன் போன்ற கோட்பாட்டு மேதைகளும் இதே வளாகத்தில் காகிதமும் பேனாவுமாக உலகத் தரத்தில் வேலை செய்தார்கள்.

அழகப்பரின் கொடை கணிதத்தையும் தொட்டது. கணித மேதை ராமானுஜன் நினைவாகச் சென்னையில் ஒரு கணித நிறுவனத்தை 1950-ல் தொடங்கினார். முதல் இயக்குநர் டி. விஜயராகவன். 1957 ஏப்ரல் 5 அன்று, 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, அழகப்பர் மறைந்தார். நிறுவனம் பணமின்றித் தத்தளித்தது. அமெரிக்காவில் இருந்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் நேருவிடம் முறையிட்டதன் பலனாகச் சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. தனி மனிதரின் கொடைக்கு உள்ள பலவீனம் இதில் தெரிகிறது: அவருக்குப் பின் தாங்க ஓர் அமைப்பு வேண்டும். செக்ரிக்கு அரசு அமைந்தது. கணிதத்துக்குச் சந்திரசேகர் குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

அழகப்பரின் அதே கோட்டையூரில் இன்னொருவரும் அழிவோடு போராடினார். அவர் ரோஜா முத்தையா. இரும்பை உப்பு தின்றால், பழைய அச்சுக் காகிதத்தை அதனுள்ளேயே இருக்கும் அமிலம் தின்கிறது. மை பரவாமலிருக்கப் படிகாரம் சேர்த்துச் செய்த காகிதத்தில் அமிலம் தங்கி, செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக அறுக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். செட்டிநாட்டு வெயிலில் அவர் ஆயிரக்கணக்கான தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்துக் காத்தார். 1992-ல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கியவர்கள் அதைக் கடல் கடத்தவில்லை. சென்னையிலேயே 1994-ல் நூலகமாக்கி, பக்கம் பக்கமாக நுண்படம் எடுத்தார்கள்.

செக்ரி வளாகத்தில் இன்று மின்வேதிப் பொறியியலில் பி.டெக். படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாலையில் ஓடும் மின்சார ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரி ஏன் சில ஆண்டுகளில் களைத்துப்போகிறது என்பது அவர்கள் தலைமுறையின் கேள்வி. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் மின்முனையின் மேல் படியும் மெல்லிய படலம் கொஞ்சம் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதைக் குறைக்கும் வழி இன்னும் முழுதாகக் கைவரவில்லை.