பட்டுக்குக் காவல் உண்டு, புது டிசைனுக்கு?

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போலிச் சேலையை அந்தப் பெயரில் விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது சட்டம். ஊர்ப் பெயருக்குக் காவல் பலமாகத்தான் இருக்கிறது. அந்தப் பெயரை வாழவைக்கும் புதுக் கற்பனைக்குத்தான் காவல் இல்லை.

ஒரு டிசைன் பிறப்பது லேசான வேலை அல்ல. வரைந்த படத்தைக் கட்டம் போட்ட தாளில் ஏற்ற வேண்டும்; எந்த இழை எழும்ப வேண்டும் என்பதை ஒவ்வொரு கட்டமும் சொல்லும். அதன்படி அட்டைகளில் துளை போட்டுக் கோத்துத் தறிமேல் உள்ள ஜக்கார்ட் கருவியில் மாட்டுவார்கள். இன்று இந்தக் கணக்கைக் கணினி போடுகிறது, கற்பனை மனிதனுடையதுதான். கரையை உடலோடு பிணைத்து நெய்யும் கோர்வைச் சேலை என்றால் உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா. நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும்.

இத்தனை பாடுபட்டு நெய்த சேலையைக் கடையில் யாரோ செல்போனில் படமெடுத்தால் போதும். அதே கொடி, அதே கரை, பாலியஸ்டர் ஜரிகையோடு விசைத்தறியில் இறங்கிவிடும். ‘காஞ்சிபுரம்’ என்று சொல்லாமல் விற்கும்வரை புவிசார் குறியீட்டால் எதுவும் செய்ய முடியாது.

டிசைனுக்கென்றே 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே சேலை கடைக்கு வந்துவிட்டால் அது புதியதல்ல, உரிமை போயிற்று. விற்றுப் பார்த்து, ஓடினால் அடுத்த பாவிலும் போடலாம் என்று நினைக்கும் நெசவாளர் அங்கேயே தோற்றுவிடுகிறார்.

நகலால்தானே எளியவர்களும் அழகான சேலை கட்டுகிறார்கள் என்பார்கள். மயிலும் அன்னமும் ருத்ராட்சமும் எல்லோருக்கும் பொது. அவற்றைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. நேற்று ஒருவர் வரைந்ததைப் பற்றித்தான் என் கவலை. வரைந்தவருக்கு நஷ்டம், பார்த்து அடித்தவருக்கு லாபம் என்றால் இனி யார் வரைவார்கள்? புதுசு இல்லாத ஊரில் மிஞ்சுவது விலைப் போட்டிதான். அதில் கைத்தறி விசைத்தறியை ஜெயிக்கவே முடியாது, கூலியும் உயராது.

கூட்டுறவுச் சங்கங்கள் மனசு வைத்தால் வழி உண்டு. சேலை கடைக்குப் போகுமுன் டிசைனைப் பதிவு செய்யட்டும். வரைந்தவர் பெயரை ஏட்டில் ஏற்றி, விற்கும் ஒவ்வொரு சேலையிலும் அவருக்கு ஒரு பங்கு கொடுக்கட்டும். ஊர்ப் பெயரைக் காக்கக் காட்டிய அக்கறையில் பாதி போதும், அடுத்த தலைமுறையும் தறிக்கு வரும்.