வீட்டுக்குள்ளே சைக்கிள் பந்தயம்!

சைக்கிள் ஓர் அங்குலம்கூட நகராது. ஆனால் வேர்த்துக் கொட்டும். மலை ஏறலாம். பந்தயமும் ஓடலாம்!

எப்படி?

சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். சைக்கிளை ஒரு கருவியில் மாட்டுகிறார்கள். எதிரே திரை. திரையில் ஏற்றம் வந்தால், கருவியின் காந்த விசை பிடித்து இழுக்கும். கால் கனக்கும். இறக்கம் வந்தால் லேசாகும்.

திரையில் பாதை காட்டும் செயலிகள் பல. எது நல்லது?

ஸ்விப்ட்: 2014-ல் வந்தது. "வாட்டோப்பியா" என்ற கற்பனைத் தீவில் ஓட்டலாம். நள்ளிரவிலும் கூட ஓட்ட ஆள் உண்டு. மாதக் கட்டணம் கட்டவேண்டும்.

ரூவி: செக் நாட்டுச் செயலி. உண்மையான சாலைகளைப் படம் பிடித்துக் காட்டுகிறது. இதற்கும் கட்டணம்.

மைவூஷ்: அபுதாபியில் இருந்து வருவது. இலவசம்!

எடையில் ஏமாற்று

உடல் எடையை நீங்களே சொல்லவேண்டும். குறைத்துச் சொன்னால் ஏற்றத்தில் வேகம் கூடும். அதனால், பெரிய பந்தயங்களில் எடை போட்டுக் காட்டச் சொல்கிறார்கள்.

படகு வீரர் வென்றார்

2020-ல் முதல் உலகப் போட்டி ஸ்விப்டில் நடந்தது. வென்றவர் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன். அவர் சைக்கிள் வீரர் அல்ல. துடுப்புப் படகு வீரர்! 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பிறகு சாலைப் பந்தயக் குழு ஒன்றில் சேர்ந்தார். வீட்டில் மிதித்தது வீண் போகவில்லை! 2024-ல் மைவூஷ் செயலியில் நடந்த உலகப் போட்டியிலும் அவரே சாம்பியன்.

கூட்டம் வேண்டுவோருக்கு ஸ்விப்ட். ஊர் பார்க்க ரூவி. புதியவர்கள் முதலில் இலவசத்தில் மிதித்துப் பார்க்கலாம். பெரும்பாலான கருவிகள் மூன்றுக்கும் பொருந்தும். பிடித்தால் பிறகு பணம் கட்டலாமே!