வேரோடு வேர் சேரும் பொன்மலர்ச் செடி

பிறர் உழைப்பில் காலந்தள்ளுபவனைப் ‘புல்லுருவி’ என்று ஏசுவது நம்மவர் வழக்கம். மாமரக் கிளையில் தொற்றிச் சாற்றை உறிஞ்சும் புல்லுருவியை ஊர்ப்புறத்தில் காணாதவர் சிலரே. அண்ணாந்து பார்த்தால் அது அகப்பட்டுவிடும். மண்ணுக்குள் கையை நீட்டிவிட்டு, மேலே ஒன்றும் அறியாததுபோல் பூத்து நிற்கும் செடியும் உலகில் உண்டு.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஓக் மரக் காடுகளே அதன் தாயகம். (சிம்லா, முசௌரி சென்ற அன்பர்கள் ஓக் இனத்து மரங்களைக் கண்டிருப்பர்.) ‘ஆரியோலேரியா’ என்பது தாவர நூலார் இட்ட பெயர், பொன்னிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. இவ்வினத்துள் சில ஆளுயரம் வளரும். கோடையின் பிற்பகுதியில் குழல்போன்ற மஞ்சள் மலர்கள், வாய் ஐந்தாகப் பிரிந்து, ஒன்றரை அங்குல நீளத்திற்குப் பூக்கும். பருத்த காட்டுத் தேனீக்கள் அவற்றுள் புகுந்து புறப்படும்.

இலைகள் பச்சை நிறமுடையவை. ஆகவே கதிரொளியைக் கொண்டு தன் உணவைத் தானே சமைக்க அச்செடி அறியும். ஆயினும் அதன் வேர் அருகிலுள்ள ஓக் மரத்தின் வேரைத் தொட்டதும் அங்கே சிறு முடிச்சு ஒன்று தோன்றுகிறது. அம்முடிச்சு மரவேரைத் துளைத்து உட்சென்று, நீரையும் உப்புகளையும் ஓரளவு உணவையும் இழுத்துக்கொள்கிறது. பாதி சொந்தச் சமையல், பாதி அண்டை வீட்டு விருந்து! ஓங்கி வளர்ந்த மரத்திற்கு இது பெரிய இழப்பன்று. திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலரழகில் மயங்கி அதைப் பெயர்த்துத் தோட்டத்தில் நடுவோர் பெரும்பாலும் ஏமாறுகின்றனர். முடிச்சுகள் அறுந்துபோகும், செடி வாடும், உலர்ந்த இலைகள் கருத்துவிடும். ஓக் மரங்களை வெட்டி வெளியாக்கிய இடத்திலும் அதற்கு வாழ்வில்லை.

இத்துணைத் தொலைவு செல்வானேன்? நம் பூசையறைச் சந்தனமும் இவ்வகையினதே. அது பிற மரஞ்செடிகளின் வேரைப் பற்றி வாழ்வதை ஜான் ஸ்காட் என்னும் தாவர நூலார் 1871-லேயே எடுத்துக் காட்டினார். இதனாலேயே நாற்றுப் பண்ணைகளில் சந்தனக் கன்றுடன் துவரையையும் ஒரே பையில் வளர்க்கின்றனர். நிலத்தில் நட்டபின் சவுக்கு, புங்கு போன்ற மரங்கள் அருகே இருத்தல் வேண்டும்.

ஊரிலுள்ள நிலத்தில் சந்தனம் வைக்கப் பணம் அனுப்பும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. வெட்டவெளியில் தனித்து நட்ட கன்று சோர்ந்து நிற்பதைக் கண்டு, நாற்று விற்றவரை நொந்து பயனில்லை. பையில் துவரையும் உடன் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி வீட்டாருக்கு எழுதலாம். அதைக் களையென்று பிடுங்கிவிட வேண்டாம், சந்தனத்தை மறைத்து ஓங்கினால் நுனியை மட்டும் கிள்ளினால் போதும் என்பதையும் சேர்த்து எழுதுக.