எல்லாக் கள்ளியும் ஒரே குடும்பம் இல்லை

கூடுவாஞ்சேரியிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் பழைய கொல்லை வேலிகளைப் பாருங்கள். சப்பாத்திக்கள்ளி, சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாமே நமக்குக் 'கள்ளி'தான். ஆனால் ஒன்றின் பழத்தைப் பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். மற்ற இரண்டின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உயிர்வேலி வைக்கிறவர்கள் இதைப் பிரித்தறியத் தெரிந்திருக்கணும்.

முள்ளும் சதைப்பற்றும் வறட்சியைத் தாங்கச் செடி போட்டுக்கொண்ட சட்டை. அதை வைத்து உறவு சொல்ல முடியாது. உள்ளே ஓடும் சாறு சொல்லும்.

சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இனம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் சாயப்பூச்சி வளர்க்கக் கள்ளித் தோட்டமே போட்டார். அதன் பழச் சிவப்புக்குக் காரணம் பீட்டாலெயின் என்ற நிறப்பொருள். ஆல்கலாய்டுகளைப் போல இதிலும் நைட்ரஜன் உண்டு. அதனால் ஒரு காலத்தில் 'நிற ஆல்கலாய்டு' என்றே சொன்னார்கள். பீட்ரூட், செங்கீரை, காகிதப்பூ ஆகியவற்றின் சிவப்பும் இதுதான். செம்பருத்தி, சங்குப்பூவில் இருப்பது ஆந்தோசயனின். இந்த இரண்டு நிறப்பொருளையும் சேர்த்துத் தயாரிக்கும் செடி இயற்கையில் கிடையாது. 1960களில் டாம் மேப்ரி போன்ற வேதியியலர்கள் இதைச் சான்றாக வைத்து, கள்ளி கீரைகளுக்குச் சொந்தம் என்றார்கள். பின்னால் வந்த மரபணு ஆய்வும் ஆமாம் என்றது.

சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் ஆமணக்கு, மரவள்ளிக் குடும்பம். அவற்றின் பாலில் எரிச்சல் தருவது டைடெர்பீன் வகைப் பொருள்கள்.

ஆனால் ஒரு ஆல்கலாய்டை மட்டும் பார்த்துக் கள்ளிகளை வகைப்படுத்தினால் ஏமாந்துபோவோம். மெக்சிகோவின் பெயோட்டேயிலும் ஆண்டீஸ் மலையின் சான் பெத்ரோவிலும் மெஸ்கலின் இருக்கிறது. ஆனால் கள்ளிக் குடும்பத்துக்குள் இரண்டும் நெருங்கிய சொந்தம் இல்லை. வேதியியல் ஒரு சாட்சி. பூ, விதை, மரபணு என்று மற்ற சாட்சிகளையும் கேட்டுத்தான் தீர்ப்பு.

வீட்டிலேயே பார்க்கலாம். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். சப்பாத்திக்கள்ளிப் பழச்சாற்றில் பிழியுங்கள், சிவப்பு சிவப்பாகவே நிற்கும். பழத்தின் மேலுள்ள பொடிமுள்ளை முதலில் நெருப்பில் வாட்டி, நன்றாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

வேலியில் வெட்டும்போது வெள்ளைப் பால் வடிந்தால் அது கீரையின் சொந்தம் இல்லை, ஆமணக்கின் சொந்தம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டே வெட்டுங்கள். பால் பட்ட கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.