கேழ்வரகும் மர்ச்சாவும்: இமயச் சாரலில் ஒரு நொதித்தற் கலை

கேழ்வரகு என்றதும் தமிழ் மக்களுக்குக் கூழும் களியுமே நினைவுக்கு வரும். அதே தானியத்திலிருந்து ஸிக்கிமிலும் டார்ஜிலிங் மலைப் பகுதியிலும் வாழும் மக்கள் தலைமுறை தலைமுறையாக ஒருவகை மென்மதுவை வீட்டிலேயே தயாரித்து வருகின்றனர். நேப்பாளி மொழியில் அதற்குக் 'கோதோ கோ ஜாண்ட்' என்று பெயர். திருமணத்திலும் சடங்கிலும் விருந்தோம்பலிலும் அதற்கு இடமுண்டு. மூங்கிற் கூடையும் மண்பானையுமே கருவிகளாக நடைபெறும் இத்தயாரிப்பினுள் நுட்பமான இரசாயனம் அமைந்துள்ளது.

மாச்சத்து என்னும் தடை

ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. ஆயின் தானியத்தில் பெரும்பகுதி மாச்சத்தே. பீர் வடிக்கப் பயன்படும் ஈஸ்ட் அதனை நேராக உண்ண இயலாது. எனவே ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைகட்டி, முளையில் தோன்றும் என்ஸைம்களின் துணையால் மாச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றனர். இமயச் சாரலிலோ கேழ்வரகு முளைகட்டப்படுவதில்லை; அவ்வேலையை 'மர்ச்சா' என்னும் வில்லை செய்கிறது.

ஊறவைத்த அரிசியை இடித்து, கொடிவேலி வேர், இஞ்சி, மிளகாய் முதலியவற்றுடன் பழைய மர்ச்சாப் பொடியையும் சிறிது சேர்த்துப் பிசைந்து, வில்லைகளாகத் தட்டிப் பெரணி இலைகளின்மேல் பரப்புவர். அவை உப்பி நறுமணம் வீசியதும் வெயிலில் உலர்த்துவர். பூஞ்சைகளும், மாச்சத்தைச் சிதைக்கவல்ல ஈஸ்ட்டுகளும், ஆல்கஹாலை உண்டாக்கும் ஈஸ்ட்டுகளும், லாக்டிக் அமில பாக்டீரியங்களும் அவ்வில்லையில் ஒருங்கே உறைந்துள்ளன என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

தயாரிக்கும் முறை

கேழ்வரகைக் கழுவி வேகவைத்து, நீரை வடித்து, மூங்கிற் பாயில் பரப்பி ஆறவிடுவர். பின்னர் மர்ச்சாப் பொடியைத் தூவிக் கலந்து, பெரணி இலை பரப்பிய கூடையில் 2 முதல் 4 நாள் வரை வைப்பர். இக்கட்டத்தில் காற்றுப் படுதல் வேண்டும். மாச்சத்து சர்க்கரையாவது அப்போதுதான். இனிய மணம் எழுந்ததும் தானியத்தைப் பானைக்கு மாற்றிக் காற்றுப் புகாதவாறு மூடுவர். கோடையில் 3 அல்லது 4 நாட்களிலும், குளிர்காலத்தில் 5 முதல் 7 நாட்களிலும் அது பக்குவமாகும். நொதித்த தானியத்தைத் 'தோங்பா' என்னும் மூங்கிற் குவளையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, அடியில் துளையிட்ட மெல்லிய மூங்கிற் குழலால் உறிஞ்சுவர்.

பழுதும் பரிகாரமும்

ஒரு பானை கெடுமாயின் உணவுத் தானியமும் ஒரு வார உழைப்பும் வீணாகும். ஆதலால் பழுதின் காரணத்தை அறிதல் இன்றியமையாதது.

நொதித்தலே நிகழாவிடின், சூடு ஆறுமுன் பொடியைத் தூவியிருக்கலாம்; வெப்பத்தில் ஈஸ்ட் மடிந்துவிடும். நொதித்தல் மந்தமாயின் குளிரே காரணமாகலாம். பனிக்காலத்தில் இட்லி மாவு தாமதமாகப் புளிப்பதை நம் இல்லத்தரசியர் நன்கறிவர். சிறிது புளிப்பு இயல்பே. காடியின் நெடி வீசினால் மூடியின் வழியே காற்றுப் புகுந்தது என்று கொள்க. காற்று கிடைத்தால் அசெட்டிக் பாக்டீரியங்கள் ஆல்கஹாலைக் காடியாக்கிவிடும். பச்சை அல்லது கறுப்புப் பூசணம் தென்பட்டால் அப்பகுதியை மட்டும் சுரண்டி எறிதல் போதாது. நஞ்சு உள்ளே பரவியிருக்கக்கூடுமாதலின் முழுவதையும் அகற்றுதல் வேண்டும். கூடையையும் பானையையும் வெந்நீரிற் கழுவி வெயிலில் உலர்த்துவதே சிறந்த காப்பு.

பீர் கெடுவதற்கு அயல் நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் 1876-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்து எமில் ஹான்ஸன் 1883-இல் ஒரே உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்து அப்பழுதுக்குப் பரிகாரம் கண்டார். மர்ச்சாவின் வழி வேறு. அது தூய ஈஸ்ட்டன்று. ஒன்றுக்கொன்று துணைபுரியும் பல உயிர்களின் கூட்டம்.

காக்க வேண்டிய செல்வம்

மது அருந்துதல் உடல்நலத்துக்கு ஊறு விளைப்பது. அரசியலமைப்பின் 47-ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கமாக வகுத்துள்ளது. வீட்டில் மது தயாரித்தல் குறித்த சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆயினும் மர்ச்சாவில் வாழும் நுண்ணுயிர்கள் மதுவுக்கு மட்டும் உரியனவல்ல. மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் அவற்றின் ஆற்றல் பல தொழில்களுக்குப் பயன்படக்கூடியது. மர்ச்சா தயாரிப்பது பெரும்பாலும் பெண்களின் கைத்திறன். தாயிடமிருந்து மகள் கற்பது. பழைய வில்லையின்றிப் புதிய வில்லை இல்லை. ஓர் இல்லத்தில் அச்சங்கிலி அறுபடின், பல தலைமுறைகளாகப் பேணப்பட்ட உயிர்க்கூட்டமொன்று அதனுடன் மறையலாம். அவ்வாறு மறையுமுன் அதனைச் சேகரித்துக் காத்தலும், அதனைப் பேணிவந்த பெண்களின் அறிவை முறையாகப் பதிவு செய்தலும் விஞ்ஞானத்தின் கடமையாகும்.