கல்லூரி மாணவர்தம் பழக்கவழக்கங்களில் சகமாணவர் நலக்கல்வியின் தாக்கம்

முன்னுரை

புகைத்தல், மது அருந்துதல், காலை உணவைத் தவிர்த்தல், உறக்கத்தைக் குறைத்தல் முதலிய பழக்கங்கள் பல மாணவரிடம் கல்லூரிப் பருவத்தில் வேரூன்றுகின்றன. இவற்றின் தீமையை மாணவர் அறியாதவரல்லர், அறிந்தும் விடுவதில்லை. அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையிலான இவ்விடைவெளியைச் சகமாணவர்வழி அளிக்கப்பெறும் நலக்கல்வி எவ்வாறு குறைக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கோட்பாட்டு அடிப்படை

ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கிய சமூகக் கற்றல் கோட்பாட்டின்படி, மனிதர் பிறர் நடத்தையையும் அதன் விளைவையும் கண்டே பலவற்றைக் கற்கின்றனர். தம்மை ஒத்தவரைக் கண்டு கற்பது இன்னும் எளிது. வெஸ்லி பெர்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் ஆகியோர் 1986இல் வெளியிட்ட ஆய்வு மற்றொரு கூற்றை முன்வைத்தது. சகமாணவர் மதுவை எந்த அளவுக்கு ஏற்கின்றனர் என்பதை அமெரிக்கக் கல்லூரி மாணவர் மிகையாகவே மதிப்பிட்டனர். ‘எல்லாரும் குடிக்கின்றனர்’ என்னும் பிழையெண்ணமும் குடிக்கத் தூண்டும். அதனை ஆசிரியர் மறுத்தால் அது அறிவுரையாகும். சகமாணவர் மறுத்தால் அதுவே சான்றாகும்.

தெரிவும் தொடர்ச்சியும்

இங்கிலாந்து, வேல்சு ஆகியவற்றின் 59 பள்ளிகளில் 10,730 மாணவரிடம் நடத்தப்பெற்ற புகைத்தடுப்பு ஆய்வு 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. அதில் செல்வாக்குடையோர் யாவர் என்பதை மாணவரே சுட்டினர். அவ்வாறு சுட்டப்பெற்றோர் பயிற்சி பெற்று, 10 வாரங்கள் இயல்பான உரையாடல்வழிப் புகையாமையை எடுத்துரைத்தனர். ஓராண்டுக்குப் பின்னும் அப்பள்ளிகளில் புகைப்போர் குறைவாகவே இருந்தனர்; இரண்டாம் ஆண்டில் அவ்வேறுபாடு சுருங்கியது. இவ்வாய்வு பள்ளி மாணவர் பற்றியதாயினும், அது உணர்த்தும் இரு கருத்துகள் கல்லூரிக்கும் பொருந்துவன: கல்வியாளரைத் தெரிவு செய்வோர் மாணவராதல் வேண்டும், பயிற்சி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெறுதல் வேண்டும்.

இந்தியச் சூழல்

2014இல் தொடங்கப்பெற்ற தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் சகக்கல்வியாளரை முதன்மைப்படுத்துகிறது. எனினும் அதன் வயதெல்லை 10 முதல் 19 வரையே. ஆகவே கல்லூரியின் பிற்பகுதி ஆண்டுகளில் பயில்வோருள் பெரும்பாலோர் அவ்வெல்லைக்கு வெளியே நிற்கின்றனர். இவ்விடத்தை நாட்டு நலப்பணித் திட்டமும் செஞ்சுருள் சங்கமும் நிரப்பவல்லன. ஆனால் அவற்றின் பணி பேரணி, உறுதிமொழி, சுவரொட்டி என்னும் அளவில் நின்றுவிடின், அறிவு பெருகுமேயன்றிப் பழக்கம் மாறாது.

முடிவுரை

சகமாணவர் நலக்கல்வியின் ஆற்றல் செய்தியில் மட்டுமன்று, அதனைச் சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள உறவிலும் அடங்கியுள்ளது. நன்மதிப்பெண் பெறுவோரை மட்டுமே பொறுப்பாளராக்கும் முறை அவ்வுறவைத் தளர்த்தக்கூடும். எனவே இனிவரும் ஆய்வுகள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவர் பெற்ற அறிவை அளப்பதோடு நில்லாமல், ஓராண்டு கழித்து அவர்தம் பழக்கத்தையும், சகமாணவர் பற்றி அவர் கொண்டுள்ள எண்ணத்தையும் அளத்தல் இன்றியமையாதது.